அதியமான் கேம்ப் போயிருக்கிறார்

தருமபுரியில் யாரை நிறுத்தி அதியமானைப் பற்றிக் கேட்டாலும் நெல்லிக்கனியில் தொடங்கி நெல்லிக்கனியிலேயே முடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்: ஒரு ராஜா, ஒரு பாட்டி, ஒரு நெல்லிக்காய், இரண்டு மார்க். ஆனால் புறநானூற்றை 87ஆம் பாட்டிலிருந்து 104 வரை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். வள்ளலை ஓரமாக உட்காரவைத்துவிட்டு இன்னொரு மனுஷர் எழுந்து வருவார். எப்போது பார்த்தாலும் வெளியூரில் இருக்கிற அப்பா. வீட்டுக்கு வந்தாலும் வேலையைக் கழற்றி ஆணியில் மாட்டத் தெரியாதவர். கூடவே ஔவையார் என்று ஒரு சிநேகிதி. அந்த அம்மாள் பாடி வைத்ததால்தான் இந்த வண்டவாளமெல்லாம் நமக்குத் தெரிகிறது.

ஆள் பெயர் அதியமான் நெடுமான் அஞ்சி. தலைமையகம் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி. குதிரைமலையும் அவருடையது. வேலை, சண்டை. அந்தக் காலத்துக் குறுநில மன்னருக்கு அலுவலகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பக்கத்து ஊர்க்காரன் கோட்டைதான் அலுவலகம். அதனால் மாசத்தில் பாதி நாள் கேம்ப். பரம்பரையே அப்படித்தான். இவருடைய முன்னோர்கள் எங்கோ தூரத்துக்குப் போய்க் கரும்பைக் கொண்டுவந்து இந்தச் சீமையில் நட்டார்கள் என்று ஔவையார் இரண்டு பாட்டில் சொல்கிறார். பாலக்கோட்டிலும் அரூர்ப் பக்கம் கோபாலபுரத்திலும் இன்றைக்குக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நிற்கின்றன. வெளியூர் போன அப்பாக்கள் வாங்கி வந்த பண்டங்களில் இவ்வளவு நாள் தாங்கியது வேறு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. என் காலத்து அப்பாக்கள் அல்வா வாங்கி வந்தார்கள். மறுநாளே தீர்ந்துபோயிற்று.

அஞ்சியின் சர்வீஸில் பெரிய டூர் என்றால் திருக்கோவலூர்தான். தருமபுரியிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே மலையமான் திருமுடிக்காரி இருந்தார். இந்தக் காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவர், அஞ்சியும் ஒருவர். சிறுபாணாற்றுப்படை ஏழு பேரையும் வரிசையாக நிறுத்திப் புகழ்கிறது, நாமும் அப்படியே மனப்பாடம் செய்தோம். ஆனால் அந்த ஏழு பேரை நிஜமாகவே குரூப் போட்டோவுக்கு நிறுத்தியிருந்தால் போட்டோக்காரர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுப்பதற்குள் வரிசையில் ஆள் குறைந்திருக்கும். காரி, ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குத் தூக்கிக் கொடுத்தார். அஞ்சி, காரியின் திருக்கோவலூரை அடித்து நொறுக்கினார். கொடுப்பதில் யாரும் சளைத்தவர்கள் இல்லை. கொடுப்பதற்கு முதலில் எங்கிருந்தாவது எடுக்க வேண்டுமே!

இந்த டூரைப் பரணர் பாடினார் என்று ஔவையாரே பெருமையாகக் குறிப்பிடுகிறார். அதைவிட வேடிக்கை திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் இருக்கிறது. அங்கே ஒரு குன்றின் குகையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி. 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அதைக் கண்டுபிடித்தது. சத்தியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் இது என்பது சேதி. சமண முனிவர்கள் தங்குவதற்கான குகை. அசோகர் தம்முடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் வரிசையில் சத்தியபுத்திரர் என்றும் ஒரு பெயரைப் பொறித்திருந்தார். அது யார் என்று அறிஞர்கள் காஞ்சிபுரம், துளுநாடு, மகாராஷ்டிரம் என்று தேடாத இடமில்லை. கடைசியில் தகடூர்க்காரர் தன் விலாசத்தைத் தானே கல்லில் வெட்டி வைத்திருந்தார். அடுத்தவன் சீமையில் புகுந்து ஊரை நொறுக்கியவர், அதே வட்டாரத்தில், எறும்புக்கும் தீங்கு நினையாத சாமியார்களுக்குத் தங்க இடம் கொடுத்திருக்கிறார். கேம்ப் போன இடத்தில் கோயிலுக்கும் ஒரு நடை போய்விட்டு வருகிற அதிகாரிகளின் மூலபுருஷர் இவர்தான்.

இனி வீட்டுக்கு வருவோம். அவரே வந்த மாதிரி, அவசரமாக.

பிள்ளை பிறந்திருக்கிறது. சும்மா பிள்ளை இல்லை, தவமிருந்து பெற்ற பிள்ளை என்று 100ஆம் பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. அப்பா களத்திலிருந்து நேராக வருகிறார். கையில் வேல் இருக்கிறது, யாரும் வாங்கி வைக்கவில்லை. காலில் வீரக்கழல். மேலெல்லாம் வியர்வை. கழுத்தில் இன்னும் ஆறாத புண். தலையில் பனங்குருத்தோடு வெட்சிப்பூவும் வேங்கைப்பூவும் அப்படியே இருக்கின்றன. நம் வீடுகளில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பெரியம்மா ஒருத்தர் போதும், “கை கால் கழுவிட்டு வாடா, அப்புறம் புள்ளையத் தூக்கலாம்” என்று கதவை மறித்திருப்பார். தகடூர் அரண்மனையில் அப்படி ஒரு பெரியம்மா இல்லாமல் போனது தமிழ் இலக்கியத்துக்கு லாபம். அப்பா உள்ளே வந்து தொட்டிலைப் பார்க்கிறார். ஔவையார் அப்பாவின் கண்ணைப் பார்க்கிறார். பகைவனை முறைத்த கண் பெற்ற பிள்ளையைப் பார்த்தபோதும் சிவப்பு மாறவில்லை.

வீரத்தின் உச்சம் என்று தமிழாசிரியர்கள் இதற்கு உருகுவார்கள். இருக்கட்டும். ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண் பாடிய பாட்டு இது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். புலியோடு சண்டை போட்டுவிட்டு வந்த யானை மாதிரி இன்னும் சினம் தணியவில்லை என்று அவர் சொல்லும்போது அதில் புகழ்ச்சி முக்கால் பங்கு, புலம்பல் கால் பங்கு என்பது என் கட்சி. அய்யோ, இவரைச் சீண்டினவன் பிழைத்தானா என்ற மாதிரி ஒரு வரி வேறு. அந்தக் கவலை எதிரிக்காக மட்டும் பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஔவையாருக்கு நன்றாகவே தெரியும். இன்னொரு பாட்டில், என் பேச்சு குழந்தை மழலை மாதிரி என்கிறார். ராகத்தில் சேராது, தாளத்தில் சேராது, அர்த்தமும் விளங்காது, இருந்தாலும் அப்பாக்களுக்கு அதைக் கேட்டால் நெஞ்சு உருகும். என் பாட்டும் உனக்கு அப்படித்தான் என்று அஞ்சியிடம் சொல்கிறார். சொந்தப் பிள்ளை மழலை பேசிய காலத்தில் அஞ்சி ஊரில் இருந்தாரா என்பது வேறு விஷயம்.

இந்த ஔவையாரை உடனே கையில் கோல், நெற்றியில் நீறு, கே.பி. சுந்தராம்பாள் குரல் என்று கற்பனை செய்துகொண்டால் கதை கெட்டுவிடும். 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் வருகிற பாட்டி, பல நூற்றாண்டுக் கதைகள் சேர்ந்து உருவான பாட்டி. சங்க காலத்து ஔவையாரை ஒரு பாட்டில் எதிரி அரசன் மையிட்ட கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் கொண்ட விறலியாகப் பார்க்கிறான். பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் சண்டைபோட ஆள் உண்டா என்று ஜம்பமாகக் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறான். அஞ்சியும் ஔவையாரும் சேர்ந்து கள் குடித்தவர்கள். நான் வம்பு பேசவில்லை, அவரே தம் இரங்கல் பாட்டில் சொல்கிறார்: கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவார், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தை அவர் மகிழ்ந்து குடிப்பார் என்று. படத்தில் இந்தக் காட்சி கிடையாது. சென்னை ராஜதானியில் மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்ததும், 1937 அக்டோபர் 1ஆம் தேதி, அன்றைக்குத் தருமபுரியும் சேர்ந்திருந்த சேலம் ஜில்லாவில்தான். ராஜாஜிக்கு இந்தப் பாட்டு தெரியாமல் இருந்திருக்காது.

இன்றைக்குத் தருமபுரியில் அதியமான் பெயரில் ஆண்கள் அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது, ஔவையார் பெயரில் பெண்கள் அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. ஒரே கலயத்தில் குடித்த இரண்டு சிநேகிதர்களை மதில் கட்டிப் பிரித்து வைத்தது நம் கல்வித் துறையின் சாதனை.

சிநேகிதம் என்றால் சண்டையும் உண்டு. ஒரு தடவை ஔவையார் பரிசிலுக்காகக் காத்துக்கிடக்கிறார். நாள் போகிறது, பரிசு வரவில்லை. ஐயா உள்ளே இருக்கிறார், வேலையாக இருக்கிறார், கேம்ப் கிளம்பிக்கொண்டிருக்கிறார் என்று வாயிற்காவலர் என்னென்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. ஔவையார் அரசரைத் திட்டவில்லை, காவலரைப் பிடித்துக்கொண்டார். அஞ்சிக்குத் தன் தரம் தெரியவில்லையா, என் தரம் தெரியவில்லையா என்று ஆரம்பித்தார். கோடரியோடு காட்டுக்குப் போகிற தச்சன் பிள்ளைக்கு மரம் கிடைக்காமல் போகுமா, எங்களுக்கும் போகிற திசையெல்லாம் சோறு காத்திருக்கும், யாழைக் கட்டியாயிற்று, பையைச் சுருட்டியாயிற்று, வருகிறேன் என்று முடித்தார். அரசாங்க அலுவலக வாசலில் இன்றுவரைக்கும் இதைவிடக் கம்பீரமாக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போனாரோ! வேறொரு பாட்டில், ஒரு நாள் போனாலும், பல நாள் பல பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும், முதல் நாள் வரவேற்ற மாதிரியேதான் வரவேற்பார், பரிசு தாமதமானாலும் யானை கொம்புக்கு நடுவில் இடுக்கிக்கொண்ட கவளம் மாதிரி, அது கைவிட்டுப் போகாது என்று சர்டிபிகேட் கொடுக்கிறார்.

இன்னொரு புலவர் பெருஞ்சித்திரனார் அவ்வளவு லேசாக மசியவில்லை. குன்றும் மலையும் தாண்டி வந்தார். அஞ்சிக்கு நேரம் இல்லை. பார்க்காமலே பரிசை மட்டும் ஆள் மூலம் அனுப்பிவைத்தார். நாமெல்லாம் கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ் பிடித்திருப்போம். பெருஞ்சித்திரனார் திருப்பி அனுப்பினார். நான் பாட்டு வியாபாரி இல்லை, என்னை நேரில் பார்த்து, என் தகுதி தெரிந்து தினையளவு கொடுத்தால் போதும் என்றார். வேலை வேலை என்று அலைகிற மனிதர்கள் பணத்தை அனுப்பிவிட்டுத் தாங்கள் வராமல் இருப்பது புதுப் பழக்கம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. நம் கல்யாண வீடுகளில் மொய்க் கவர் மட்டும் வந்து சேர்கிற உறவுக்காரர்களைத் திருப்பி அனுப்பத்தான் ஒரு பெருஞ்சித்திரனார் இல்லை.

வீட்டில் பிடிக்க முடியாதவரைக் களத்திலேயே போய்ப் பிடிக்கலாம் என்பதும் ஔவையார் சொன்ன வழிதான். வெறும் பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு காட்டு வழியில் உட்கார்ந்திருக்கிற ஒரு விறலியிடம் சொல்கிறார்: அவர் தூரத்தில் இல்லை, பகைவன் நாட்டில்தான் இருக்கிறார், ஊர் எரிகிற புகை மலையைச் சுற்றிய மேகம் மாதிரித் தெரியும், அங்கே போ, பஞ்ச காலமானாலும் கவனித்து அனுப்புவார். அடையாளம் சொல்கிற அழகைக் கவனியுங்கள். பெட்டிக்கடையில் இடது பக்கம் திரும்பு என்பதுபோல, எரிகிற ஊரில் நேராகப் போ!

பிறகு ஔவையாருக்கே ஒரு டூர் வந்தது. காஞ்சியில் தொண்டைமான் சண்டைக்குத் தயாராகிறான் என்று சேதி. அஞ்சி, முழுநேர யுத்தக்காரர், இந்தத் தடவை ஆச்சரியமாகத் தூது அனுப்பினார். அனுப்பியது ஔவையாரை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற பாதை. இன்றைக்குக் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக நாலைந்து மணி நேரம். போனவருக்குத் தொண்டைமான் காபியா கொடுப்பான், படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். புது வீடு கட்டினவர்கள் வந்தவர்களுக்கு மாடுலர் கிச்சனைத் திறந்து திறந்து காட்டுவார்களே, அதே சுகம். ஔவையார் சுற்றிப் பார்த்துவிட்டு வாயாரப் பாராட்டினார். உன் ஆயுதமெல்லாம் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் தடவி, காவலோடு பத்திரமாக இருக்கிறது. எங்கள் ஆள் ஆயுதம் கிடக்கிற கிடை இருக்கிறதே, பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, எப்போது பார்த்தாலும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கும்.

தொண்டைமானுக்கு உறைத்திருக்கும். எனக்குப் பிடித்தது வேறு. நம் ஆபீஸ் ஸ்டோர்ரூம் லட்சணம் இது என்று வெளியூரில் போய்ச் சொல்லிவிட்டு அதையே பெருமையாக்கிக்கொண்டு திரும்ப ஒரு தனித் திறமை வேண்டும். அவருக்கு இது கைவந்த கலை. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்கிற தச்சன் ஒரே ஒரு சக்கரத்துக்கு ஒரு மாசம் எடுத்துக்கொண்டால் அது எப்படி இருக்குமோ அப்படிப்பட்டவர் எங்கள் அஞ்சி என்று இன்னோரிடத்தில் சொல்வார். நம் ஆசாரி ஒரு கட்டிலுக்கு ஒரு மாசம் எடுத்தால் நாம் வேறு சொல்வோம்.

நெல்லிக்காயை ஒரேயடியாக விட்டுவிடவும் முடியாது. ஏற முடியாத மலைப்பிளவில் பறித்தது, சாப்பிட்டால் சாவைத் தள்ளிப் போடலாம். அஞ்சி அதைத் தின்னவில்லை. என்ன பலன் என்று வாயையும் திறக்காமல் ஔவையாரிடம் கொடுத்தார். தியாகம்தான், மறுக்கவில்லை. கழுத்தில் புண்ணோடு வீட்டுக்கு வருகிற தொழில் தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். ஆயுளைப் பாடத் தெரிந்தவரிடம் கொடுத்துவைப்பது சரியான முதலீடு. பலன் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தொட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று? அஞ்சியின் மகன் பொகுட்டெழினி, வளர்ந்து அப்பா தொழிலுக்கே வந்தார். ஔவையாரும் அத்தைக்குரிய உரிமையோடு அவர் வாசலுக்கும் போய்ப் பாடினார். ஒரு பாட்டில் அவரை உப்பு வண்டிக்காரர்கள் கட்டிக்கொண்டு போகிற சேம அச்சு என்கிறார். மாடோ இளசு, நுகம் பழகவில்லை. பாரமோ அதிகம். வழியில் பள்ளம் வருமா, மேடு வருமா, யாருக்குத் தெரியும். அச்சு முறிந்தால் மாட்டுவதற்கு வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிவைப்பார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் இளவரசரை ஸ்டெப்னி என்று பாடியிருக்கிறார், அதற்கு இளவரசரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதியமான்கோட்டை தாண்டித் தொப்பூர்க் கணவாயில் லாரி ஓட்டி இறங்கியவர்கள் யாரும் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த இறக்கத்தில் ஸ்டெப்னியும் பிரேக்கும்தான் குலதெய்வம்.

மகனோடு டூர் போகிற பட்டாளத்தையும் ஔவையார் விடவில்லை. இவர் போகிற ஊர்க்காரர்கள் எல்லாம் பயப்படுகிறார்களாம். எதிரி என்பதற்காக இல்லை. திருவிழாவே இல்லாவிட்டாலும் ஆட்டுக்கறி தின்று தீர்க்கிற சொந்தபந்தம் கூடவே வரும், யானைகள் துறைத் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் மூன்று வேன் அமர்த்திக்கொண்டு வருகிறார்கள் என்று போன் வந்தால் பெண் வீட்டில் எழுகிற அதே கிலி.

கடைசி டூர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. சேர அரசர் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிமலைப் பக்கத்தில் அதியமானையும் அவரோடு நின்ற இரண்டு பெரிய வேந்தர்களையும் ஒருசேரத் தோற்கடித்து, முரசையும் குடையையும் பிடுங்கிக்கொண்டு, தகடூரையும் அழித்தார். இதை அரிசில் கிழார் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்தாகப் பாடினார். அதற்குச் சேரர் தம் மனைவியோடு அரண்மனைக்கு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதெல்லாம் உமக்குத்தான் என்று ஒன்பது லட்சம் காணமும் சிம்மாசனமும் கொடுத்தார். சிம்மாசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மந்திரி வேலையை மட்டும் புலவர் வாங்கிக்கொண்டார். கெட்டிக்காரர்! அதே அரிசில் கிழார்தான் தகடூர்ப் போரில் விழுந்த அதியமான் எழினிக்காக, விதை நெல்லையே தின்றுவிட்ட குடியானவன் மாதிரி நீ கெட்டாய் என்று எமனைத் திட்டியும் பாடினார். வென்றவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்று. அந்த ஒன்று தரத்தில் குறைந்ததில்லை.

சேரரையும் கெட்டவராக நிறுத்த முடியவில்லை. வழி நடந்த களைப்பில் மோசிகீரனார் என்ற புலவர் முரசு வைக்கிற கட்டிலில், முரசு குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். தலை போகிற குற்றம். வந்து பார்த்த இதே பெருஞ்சேரல் இரும்பொறை எழுப்பக்கூட இல்லை, விசிறி எடுத்து வீசினார். தகடூர் எரிந்த புகையும் அந்த விசிறிக் காற்றும் ஒரே கைவேலை.

அஞ்சி மார்பில் வேல் பாய்ந்து இறந்தார். அந்த வேல் பாணர்களின் பாத்திரத்தையும் புலவர்களின் நாவையும் துளைத்துக்கொண்டு போயிற்று என்று ஔவையார் பாடினார். அந்தப் பாட்டில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

1894இல் உ.வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்த புறநானூற்றில் ஔவையாரின் பக்கம் நமக்குக் கிடைத்துவிட்டது. வென்றவர் போன டூரைச் சொல்லத் தகடூர் யாத்திரை என்று தனி நூலே இருந்தது. அது முழுசாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் பழைய உரைகளிலும் ஒட்டிக்கொண்டு சில பாட்டுகள் மட்டும் தப்பியிருக்கின்றன. ஆகவே தருமபுரி, பென்னாகரம், அரூர்ப் பக்கம் தாத்தா வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரணில் ஓலைச்சுவடிக் கட்டு அகப்பட்டால் அதை அடுப்பில் வைக்காதீர்கள், ஆடிப் பெருக்கன்று ஒகேனக்கலில் கொண்டுபோய் விடாதீர்கள். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சென்னையில் உ.வே.சா. நூல் நிலையம் இருக்கிறது, தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பஸ் செலவு உங்களுடையதுதான்.